டெல்டாவின் ஆஸ்பத்திரிக் கோபம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என நான்கு மாவட்டத்திலும் அரசு ஆஸ்பத்திரியைப் பற்றி யாராவது வாயைத் திறந்தால் பேச்சு சீக்கிரம் முடியாது. டாக்டரில் ஆரம்பிக்கும், மாத்திரைக்குப் போகும், கடைசியில் "எவன் வந்தாலும் இப்படித்தான்" என்று அரசியலில் வந்து நிற்கும். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எனக்குக் கட்சி இல்லை, கருத்து உண்டு.

தஞ்சாவூரில் மெடிக்கல் காலேஜ், திருவாரூரில் ஒன்று, நாகையில் ஒன்று. இவ்வளவு இருந்தும் ஜனங்களுக்கு என்ன கோபம்?

காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்தால் கோபத்துக்குக் காரணமே தெரியாது. சீட்டு போடுகிறார்கள், ஓ.பி.யில் டாக்டர்கள் இருக்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிரசவங்கள் கிட்டத்தட்ட எல்லாமே ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் அது 99 சதவீதத்துக்கு மேல். பீகார், உத்தரப்பிரதேசத்தோடு ஒப்பிட்டால் நாம் எங்கேயோ இருக்கிறோம். இதை ஒத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

அதே இடத்துக்கு ராத்திரி பத்து மணிக்குப் போங்கள். கட்டடம் இருக்கும், விளக்கு எரியும், கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் பளிச்சென்று தெரியும். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் ஒரு நர்ஸம்மா இருப்பார், சில இடங்களில் அவர் மட்டும்தான். தாலுகா ஆஸ்பத்திரி என்றால் டூட்டி டாக்டர் ஒருவர் இருப்பார். மயக்க மருந்து டாக்டர் இருக்க மாட்டார், ஸ்கேன் எடுப்பவர் வீட்டுக்குப் போயிருப்பார். டெல்டாவின் கோபம் பெரும்பாலும் இந்த ராத்திரியிலிருந்து வருகிறது. ஆஸ்பத்திரி இல்லாத ஊரின் கோபமும் ஆஸ்பத்திரி இருந்தும் ஆள் இல்லாத ஊரின் கோபமும் வேறு வேறு. நம்முடையது இரண்டாவது வகை. இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் ஒவ்வொரு தடவையும் நாம் கட்டடம் கேட்கிறோம், அவர்களும் கட்டடத்தையே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

எதற்கெடுத்தாலும் "தஞ்சாவூருக்கு எழுதிட்டாங்க" என்கிறார்களே, ஏன்?

மேலே சொன்ன ராத்திரியின் தொடர்ச்சி இது. வேதாரண்யம் பக்கம் ஒருவர் பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டால் வேதாரண்யத்தில் கட்டுப்போட்டு நாகைக்கோ திருவாரூருக்கோ அனுப்புவார்கள். அங்கே மூளை நரம்பு அறுவைக்கு அந்த நேரத்தில் ஆள் இல்லை என்றால் தஞ்சாவூர். கோடியக்கரையிலிருந்து தஞ்சாவூர் நூறு கிலோமீட்டருக்கு மேல். வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தால், சரக்கு ரயில் முன்னும் பின்னும் போய் வந்து முடிக்கிற வரை ஆம்புலன்ஸும் நெல் லாரியோடு வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த கேட்டில் மேம்பாலம் வேண்டும் என்று கேட்டே ஒரு தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அந்தக் கோரிக்கையையும் நான் சுகாதாரக் கோரிக்கையாகத்தான் எண்ணுகிறேன்.

ரெஃபர் செய்வதே தப்பு என்று சொல்ல வரவில்லை. தன்னால் முடியாததை மேலே அனுப்புவதுதான் சரி. அனுப்புமுன் என்ன செய்தார்கள், எங்கே பெட் இருக்கிறது என்று போனில் கேட்டார்களா, கூட ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார்களா என்பதுதான் கேள்வி. பல நேரம் சீட்டில் ஒரே வரிதான் இருக்கும்: 'மேல் சிகிச்சைக்கு'.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். 108 இலவசம், பெட் இலவசம். ஆனால் கூடப் போகிறவருக்கு நடவுக் கூலி போச்சு, வீட்டில் மாடு கறக்க ஆள் இல்லை, ஒரு வாரம் மூன்று வேளையும் ஓட்டல் சாப்பாடு, வந்துபோகிறவர்களுக்குப் பஸ் காசு. இலவச வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வரும்போது கூட்டுறவு வங்கியில் தோடும் செயினும் அடகில் இருக்கும்.

பாம்புக்கடிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்து உண்டு என்கிறார்கள். பிறகு ஏன் அனுப்புகிறார்கள்?

டெல்டாவில் இதைத் தனியாகத்தான் பேச வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் சேர்த்து வேலை செய்யும் விஷமுறிவு மருந்துதான் இங்கே பயன்படுகிறது. அரசு விதிப்படி அது ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் இருக்கவும் செய்கிறது.

தயக்கம் ஊசி போடுவதில் வருகிறது. சிலருக்கு அந்த மருந்தே ஒத்துக்கொள்ளாமல் உடம்பெல்லாம் தடித்து, பிரஷர் இறங்கி, மூச்சுத் திணறும். அதைச் சமாளிக்கவும் மருந்து உண்டு, பயிற்சி பெற்ற டாக்டர் பயப்பட மாட்டார். ஆனால் ராத்திரி தனியாக இருக்கும் ஒரு இளம் டாக்டர், வெளியே முப்பது பேர் கூடி நிற்கும்போது, "எதாவது ஆனால் என்னைத்தான் அடிப்பார்கள்" என்று நினைத்து ஊசி போடாமலே அனுப்பிவிடுகிறார். கட்டுவிரியன் கடி பெரிதாக வலிக்காது. தரையில் பாய் விரித்துப் படுத்தவருக்குக் கடித்ததே தெரியாமல் இருக்கலாம். விடியற்காலையில் வயிற்றுவலி என்பார், கண்ணிமை தொங்கும், அப்புறம் மூச்சு நிற்கும். அந்த நிலையில் வென்டிலேட்டர் வேண்டும், இல்லையென்றால் ஆள் தேற மாட்டார். முதல் ஊசி கீழே போட்டு அனுப்பியிருந்தால் பிழைத்திருப்பார் என்று மேலே இருக்கிற டாக்டர் சொல்லும்போது கேட்கிறவர் மனது என்ன பாடுபடும்!

தலைஞாயிறு பக்கம் ஒரு குடும்பத்தில் இது நடந்தது. அந்த மனிதருக்கு வரப்பில் மருந்து தெளித்துக்கொண்டிருக்கும்போது கடி. முதலில் கூட்டிப்போன இடத்தில் ஊசி இருந்தது. "இங்கே போட்டால் ரிஸ்க், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்கள். அவர் பிழைத்துக்கொண்டார், கால் முழுசாகத் தேறவில்லை. அந்த வீட்டு அம்மா கேட்டது ஒன்றுதான்: "மருந்தப் பெட்டிக்குள்ள வச்சுக்கிட்டு யாருக்குங்க காப்பாத்துறாங்க?"

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக ஆக்கியது. கடி கேஸ் எது வந்தாலும் ஆஸ்பத்திரி, தனியார் உட்பட, அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். இதை நான் பெரிய விஷயமாகப் பார்க்கிறேன். இனி எந்த ஒன்றியத்தில் எத்தனை கடி, எங்கே ஊசி போட்டார்கள், எங்கே போடாமல் அனுப்பினார்கள் என்று கேட்டால் பதில் சொல்லக் கணக்கு இருக்கும்.

டாக்டர்கள் கிராமத்துக்கு வர மாட்டேன் என்கிறார்கள், அவ்வளவுதானே?

அவ்வளவு மட்டும் இல்லை. 2019 அக்டோபரில் அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தது நினைவிருக்கும். சம்பளம் ஒரு கோரிக்கை: 2009இல் வந்த அரசாணை 354ஐ முழுதாக நிறைவேற்றச் சொன்னார்கள். இன்னொன்றை நாம் யாரும் கவனிக்கவில்லை. வருகிற நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற மாதிரி டாக்டர் பணியிடம் வேண்டும் என்றார்கள். கல்லூரி நடத்தக் குறைந்தபட்சம் எத்தனை பேர் வேண்டும் என்று டெல்லி விதி சொல்கிறதோ, அந்தக் குறைந்தபட்சத்தையே கணக்காக வைத்துப் பணியிடம் ஒதுக்கினால், ஓ.பி.யில் ஆயிரக்கணக்கில் கூட்டம் வரும் தஞ்சாவூர் என்ன செய்யும்? அந்த வேலைநிறுத்தம் உண்மையில் நமக்காகவும் நடந்தது. நாமோ "டாக்டர்கள் ஸ்ட்ரைக், நோயாளிகள் அவதி" என்று பேப்பரில் படித்துவிட்டுத் திட்டினோம்.

நர்ஸ்கள் கதை இதைவிட மோசம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத் தேர்வு எழுதி வந்தவர்களையே ஒப்பந்தத்தில் தொகுப்பூதியத்துக்கு வைத்து, நிரந்தரம் எப்போது என்று அவர்கள் வருஷக்கணக்காகத் தெருவில் உட்கார்ந்து கேட்கும்படி விட்டிருக்கிறோம். இரண்டு கட்சி ஆட்சியிலும் உட்கார்ந்தார்கள்.

மாத்திரை வெளியே எழுதிக் கொடுக்கிறார்களே?

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் தொடங்கியது. மொத்தமாக டெண்டர் விட்டு, மலிவாக வாங்கி, மாவட்டக் கிடங்குக்கு அனுப்பும் முறை. பல மாநிலங்கள் வந்து பார்த்துக் கற்றுப்போன முறை. ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் இவ்வளவு தொகைக்கு மருந்து என்று ஒதுக்கீடு உண்டு, எடுக்க எடுக்கப் பாஸ்புக்கில் கழியும். கூட்டம் ஏறி ஒதுக்கீடு ஏறாவிட்டால் வருஷக் கடைசியில் கை காலியாகும். சுகர், பிரஷர் மாத்திரை கிடைக்கவில்லை என்றால் பார்மசிஸ்டோடு சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. அரசின் சுகாதார உதவி எண்ணான 104க்குப் போன் செய்து மருந்தின் பெயரோடு புகார் பதியுங்கள்.

ஆஸ்பத்திரியில் காசு கேட்கிறார்களே, அதை என்ன செய்வது?

ஆண் குழந்தை என்றால் ஒரு ரேட், பெண் குழந்தை என்றால் ஒரு ரேட். ஸ்ட்ரெச்சர் தள்ள, பிணவறையில் துணி சுற்ற. டெல்டாவில் இது தெரியாத குடும்பம் இல்லை. கேட்பவர்களில் பலர் தனியார் ஒப்பந்த நிறுவனம் வழியாகச் சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள் என்பது உண்மை. அதற்காக அதை நியாயப்படுத்த மாட்டேன். பெற்றவளின் கையிலிருந்து குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு காசு கேட்பதை எந்தச் சம்பளக் குறைவும் நியாயமாக்காது. பெரிய ஆஸ்பத்திரி என்றால் நிலைய மருத்துவ அலுவலரிடம், அதாவது ஆர்.எம்.ஓ.விடம், அன்றைக்கே எழுதிக் கொடுங்கள். டிஸ்சார்ஜ் ஆன பிறகு எழுதினால் யாரும் சீண்ட மாட்டார்கள்.

காப்பீட்டு அட்டை இருக்கிறதே? தனியாரில் பார்த்துக்கொண்டால் போகிறது.

2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் என்று வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமானது. 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க வேண்டும். சந்தேகம் என்றால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேட்கலாம்.

இந்த அட்டையால் பிழைத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆனால் அது முக்கியமாகப் படுக்கையில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கும் அறுவைக்கும்தான். காய்ச்சல், சுகர், மூட்டுவலி என்று மாதாமாதம் போகும் செலவு உங்கள் பையிலிருந்துதான். அதோடு, அட்டையை எடுக்கும் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகள் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் இருக்கின்றன. முத்துப்பேட்டைக்காரருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு அது பயன்பட வேண்டும் என்றால் முதலில் அவர் அங்கே உயிரோடு போய்ச் சேர வேண்டும்.

மயிலாடுதுறைக்கு எப்போது மருத்துவக் கல்லூரி?

2020 டிசம்பரில் 38ஆவது மாவட்டமாகச் செயல்பட ஆரம்பித்தது. அரசு மருத்துவக் கல்லூரி இல்லாத ஒருசில மாவட்டங்களில் மயிலாடுதுறையும் ஒன்று. 2022 ஜனவரி 12இல் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 கல்லூரிகள் திறந்தபோது நாகப்பட்டினம் அதில் இருந்தது. மயிலாடுதுறை பழைய நாகை மாவட்டத்தின் கணக்கில் அடங்கிப் போனது. 2023இல் தேசிய மருத்துவ ஆணையம் பத்து லட்சம் பேருக்கு நூறு எம்.பி.பி.எஸ். இடம்தான் என்று ஒரு வரம்பு கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் ஏற்கெனவே அதைத் தாண்டிவிட்டது என்பதால் புதுக் கல்லூரிக்கு வழி அடைபடும் என்று மாநில அரசு எதிர்த்தது, ஆணையம் அதைத் தள்ளிவைத்தது. எந்தக் கட்சி வாக்குறுதி கொடுத்தாலும் இந்தக் கதவையும் தாண்டியாக வேண்டும்.

பக்கத்திலேயே வைத்தியநாதர் குடியிருக்கும் வைத்தீஸ்வரன்கோயில். நாலாயிரத்துச் சொச்சம் வியாதிக்கும் அவர்தான் மருந்து என்று ஐதீகம். அவசரத்துக்கு ஜனங்கள் காரைக்காலுக்கும் ஜிப்மருக்கும் ஓடுகிறார்கள்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கல்லூரி வரட்டும், ஆனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். கல்லூரி என்றால் வகுப்பறை, விடுதி, நூலகம் எல்லாம் சேர்ந்துதான் வரும், வருஷங்கள் ஆகும். இருக்கிற அரசு ஆஸ்பத்திரியில் ராத்திரியும் பகலும் மயக்க மருந்து டாக்டர், எலும்பு டாக்டர், மகப்பேறு டாக்டர், ரத்த வங்கி, சி.டி. ஸ்கேன் என்று கேட்டால் டெல்லிக்குப் போக வேண்டாம். சென்னையில் ஒரு கையெழுத்து போதும்.

எய்ம்ஸ் நமக்கு வர வேண்டியதுதானே?

தஞ்சாவூர் மாவட்டத்துச் செங்கிப்பட்டி பட்டியலில் இருந்தது. செங்கல்பட்டு, பெருந்துறை, புதுக்கோட்டை, மதுரைத் தோப்பூர் ஆகியவையும் இருந்தன. 2018இல் தோப்பூர் என்று முடிவானது, 2019 ஜனவரியில் அடிக்கல் நட்டார்கள். அதன் பிறகு அந்த ஒற்றைச் செங்கல் அரசியலில் பட்ட பாடு ஊரறிந்தது. வந்திருந்தால் நமக்கும் அதே கதிதான் என்று தேற்றிக்கொள்ளலாம்.

யாரைக் கேட்பது? மாநிலமா, மத்தியா?

ஆஸ்பத்திரியும் பொதுச் சுகாதாரமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மருத்துவக் கல்வி பொதுப் பட்டியல். ஆக, டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மாத்திரை இல்லை என்றால் கேள்வி சென்னைக்கு. கல்லூரி அனுமதி, நீட், எய்ம்ஸ் என்றால் டெல்லிக்கு. மேடையில் பேசுகிறவர்கள் இரண்டையும் வேண்டுமென்றே கலக்குவார்கள். எம்.எல்.ஏ. வேட்பாளர் எய்ம்ஸைப் பற்றி அரை மணி நேரம் பேசினால், உங்கள் தாலுகா ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச அவரிடம் ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு கோபம் ஏன் ஓட்டாக மாறுவதில்லை?

இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

நெல்லைப் பாருங்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அறுவடை நேரத்தில் மழை பெய்தால் டெல்டா முழுவதும் மறியல். விவசாயச் சங்கங்கள் ஒரே குரலில் தளர்வு கேட்கும், முதல்வர் டெல்லிக்குக் கடிதம் எழுதுவார், மத்தியக் குழு வந்து நெல்லைக் கையில் அள்ளிப் பார்க்கும், சில ஆண்டுகளில் தளர்வும் கிடைத்திருக்கிறது. 17 என்ற ஓர் எண், அதைக் கேட்க ஒரு சங்கம், கேட்க வேண்டிய ஆபீஸ் எது என்ற தெளிவு. ஜூன் 12 மேட்டூர் திறப்பும் அப்படித்தான். தேதி தவறினால் ஆட்சியில் இருப்பவருக்கு வியர்க்கும்.

ஆஸ்பத்திரிக்கு அப்படி ஒரு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை, சங்கமும் இல்லை. விவசாயி ஒவ்வொரு போகத்துக்கும் கொள்முதல் நிலையத்துக்குத் திரும்பி வந்தாக வேண்டும். நோயாளி அப்படி இல்லை. நான்கு நாள் வார்டில் கிடக்கும்போது பக்கத்து பெட்காரரோடு சேர்ந்து கொதிப்பார். குணமானால் மறந்துவிடுவார், ஆள் போய்விட்டால் அந்த வீட்டில் பதினாறாம் நாள் காரியம், அதன் பிறகு 'விதி' என்று விட்டுவிடுவார்கள். வார்டில் கூடும் கூட்டத்தில் அடுத்த வாரம் ஒருவர்கூட அங்கே இருக்க மாட்டார். சங்கம் எப்படி உருவாகும்?

கொஞ்சம் வசதி வந்தவர் சத்தமில்லாமல் தனியாருக்குப் போய்விடுகிறார். ஊரில் எழுதத் தெரிந்தவர், ஆபீஸில் ஆள் தெரிந்தவர், எம்.எல்.ஏ.வோடு போனில் பேசுகிறவர் எல்லாம் முதலில் போகிறவர்கள். அரசு ஊழியருக்குத் தனிக் காப்பீடு இருக்கிறது. திருக்குவளையில் பிறந்த கருணாநிதி 2018இலும் ஜெயலலிதா 2016இலும் கடைசி நாள்களைச் சென்னைத் தனியார் ஆஸ்பத்திரிகளில்தான் கழித்தார்கள். குறை சொல்லவில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான். ஆனால் அரசு வார்டில் மிச்சம் இருப்பவர் கூலிக்காரர், அவர் சொன்னால் யார் கேட்பார்கள்?

கோபத்தைப் பணமாகக் கரைப்பதும் நடக்கிறது. ஒருவர் இறந்துபோய் உறவினர்கள் சாலையில் உட்கார்ந்தால் தாசில்தார் வருவார், நிவாரணம், விசாரணை என்று அறிவிப்பார், போக்குவரத்து சீராகும். அந்த விசாரணையில் என்ன வந்தது என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டவரை நான் பார்த்ததில்லை.

ஆட்சி மாறினால் மாறாதா?

1967இலிருந்து டெல்டா எத்தனையோ ஆட்சி மாற்றத்துக்கு ஓட்டுப் போட்டிருக்கிறது. ஆட்சி மாறியதால் வந்த நல்லதும் உண்டு. 108 வந்தது 2008இல், தி.மு.க. ஆட்சி. இலவசச் சுகாதார ஆலோசனைக்கு 104 வந்தது 2013இல், அ.தி.மு.க. ஆட்சி. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில், மறுபடி தி.மு.க. வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுப்பது நடக்க முடியாத பாட்டிகளுக்குப் பெரிய உதவி. ஒருவர் தொடங்கியதை அடுத்தவர் பெரும்பாலும் நிறுத்தவில்லை, பெயரை மாற்றிக்கொண்டார்கள். அது தமிழ்நாட்டின் நல்ல பழக்கம்.

ஆனால் எல்லாமே தொடங்கிவைக்கக்கூடியவை. கொடி அசைக்கலாம், படம் ஒட்டலாம். காலிப் பணியிடத்தை நிரப்புவதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. ராத்திரி டூட்டிக்கு இரண்டாவது டாக்டர் வந்ததை யாரும் போஸ்டர் அடித்துக் கொண்டாட மாட்டார்கள். அதனால் எந்தக் கட்சி வந்தாலும், பழையதோ புதியதோ, கை தானாகவே திட்டத்தின் பக்கம்தான் போகும். அதைத் திருப்புவது நாம் கேட்கிற விதத்தில்தான் இருக்கிறது.

டெல்டா போராடி அப்படி ஜெயித்தது உண்டா?

உண்டு. மீத்தேன், ஹைட்ரோகார்பன் எடுக்கும் திட்டங்களுக்கு எதிராக வருஷக்கணக்கில் ஊர் ஊராக நின்றார்கள். 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஆரம்பத்தில் ஒப்பந்தம் நடந்தபோது ஆட்சியில் இருந்தவர்களும் பிறகு எதிர்க்க வேண்டி வந்தது. அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இருக்கலாம். ஆனால் கட்சிகள் தங்கள் நிலையை மாற்றிக்கொள்ளும்படி டெல்டா செய்தது. நாகையில் ஊருக்குள் இருந்த தலைமை ஆஸ்பத்திரியை ஒரத்தூர் கல்லூரி வளாகத்துக்கு மாற்றியபோதும் எதிர்ப்பு எழுந்தது. இடம் மாற்றுவது கண்ணுக்குத் தெரிகிறது, தெருவுக்கு வருகிறோம். ஒரு டாக்டர் மாற்றலாகிப் போய் அந்த நாற்காலி இரண்டு வருஷம் காலியாகக் கிடந்தால் யாருக்கும் தெரிவதில்லை.

சரி, தெரிந்துகொள்வது எப்படி?

தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தாலுகா ஆஸ்பத்திரிகள் அவர் கீழ். ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் மாவட்டச் சுகாதார அலுவலர், மருத்துவக் கல்லூரி என்றால் டீன் அலுவலகம். "ஏன் சரியாக வைத்தியம் பார்ப்பதில்லை" என்று எழுதினால் பதில் வராது. இந்த ஆஸ்பத்திரிக்கு அனுமதிக்கப்பட்ட டாக்டர் பணியிடம் எத்தனை, இன்றைய தேதியில் நிரம்பியவை எத்தனை, அயற்பணியில் வேறிடத்துக்கு அனுப்பப்பட்டவர் எத்தனை, போன மாதம் இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை டூட்டிப் பட்டியலின் நகல், போன ஆண்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய நோயாளிகள் எத்தனை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

அயற்பணிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பலகையில் பெயர் இருக்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார்.

பதில் கையில் வந்ததும், ஓட்டுக் கேட்டு வருகிற வேட்பாளரிடம் அந்தத் தாளைக் காட்டி இரண்டே கேள்வி போதும்: இத்தனை காலி, எந்த மாதத்துக்குள் நிரப்புவீர்கள்? நிரப்பாவிட்டால் சட்டமன்றத்தில் எப்போது கேட்பீர்கள்? எல்லாக் கட்சி வேட்பாளரிடமும் கேளுங்கள், பதிலை வீடியோ எடுங்கள். ஜெயித்தவருக்கு ஆறு மாதம் கழித்து அதை அனுப்புங்கள். தோற்றவருக்கும் அனுப்புங்கள், சும்மா இருக்கிற எதிர்க்கட்சிக்காரருக்கு அதைவிடத் தோதான வேலை இல்லை.

கிராம சபையில் கேட்கலாமா?

கேட்கலாம். வருஷத்துக்கு ஆறு தடவை கூட்ட வேண்டும். ஆனால் டெல்டா ஊராட்சிகளில் 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் கைக்குப் போனது. தலைவர் என்றால் மறுநாள் டீக்கடையில் மறித்துக் கேட்கலாம், தனி அலுவலரை எங்கே பிடிப்பது? தீர்மானம் எழுத்தில் ஏறியதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோபத்தில் டாக்டரை அடித்துவிட்டால்?

அடிக்காதீர்கள். 2008ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஜெயில். 2024 நவம்பரில் சென்னை கிண்டி அரசு ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரை ஒருவர் கத்தியால் குத்தினார். அந்தச் செய்தியைப் படித்த எந்த இளம் டாக்டர் கிராமத்தில் ராத்திரி தனியாக ஊசி போடத் துணிவார்? பாம்புக்கடிக் கேள்விக்கு மேலே சொன்ன பதிலை இன்னொரு தடவை படியுங்கள்.

சட்டப்படி எனக்கு என்ன உரிமை?

அவசரம் என்று வந்தவருக்கு அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியாரானாலும் முதல் சிகிச்சை கொடுத்தே தீர வேண்டும் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசு ஆஸ்பத்திரியில் இடம் இல்லை என்று திருப்பி அனுப்புவது வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் மேற்கு வங்க விவசாயத் தொழிலாளர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பு வந்தது. ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர், கல்கத்தாவில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தவர். நம் ஊர் 'எழுதிட்டாங்க' கதைதான். ராஜஸ்தான் 2023இல் சுகாதார உரிமைச் சட்டமே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று கேட்பது நியாயமான தேர்தல் கோரிக்கை.

இதெல்லாம் இருக்கட்டும். இன்று ராத்திரி அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் என்ன செய்வது?

108க்குப் போன் போடுங்கள். அது வரத் தாமதமானால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போங்கள். 2023 ஜூனில் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டப்படி மாரடைப்புக்கான முதல் வேளை மாத்திரைகள், மொத்தம் 14, அங்கே இருக்க வேண்டும். நர்ஸம்மாவிடம் "லோடிங் டோஸ்" என்று கேளுங்கள், புரியும். கொடுத்த நேரத்தைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், அடுத்த ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது அதைத்தான். மேலே அனுப்பினால் எந்த ஆஸ்பத்திரி, அங்கே யாரிடம் பேசினார்கள் என்று கேட்டு வையுங்கள். காப்பீட்டு அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பழைய இ.சி.ஜி. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.